பிள்ளையாருக்கு விட்ட முதற் புழு

போன கிழமை இரண்டு பிள்ளைகள் பாலையூற்றில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார்கள். கிளிவெட்டிப் பரீட்சை வயலில் புழு எண்ணும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள். வயல் கொட்டிலில் தொங்கும் பலகையில் ஒன்பது விதிகள் எழுதியிருக்கின்றன. எட்டு விளங்குகிறதாம், கடைசி மட்டும் விளங்கவில்லையாம். "முதற் புழுவையும் எண்ண வேண்டும்" என்பதுதான் அது. முதற் புழுவை விட்டுவிட்டு யாராவது இரண்டாவதிலிருந்து எண்ணுவார்களா என்று கேட்டு ஒருத்தி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுவிட்டு எண்ணியவர்கள் நாங்கள்தான். நானும் என் அக்கா தவமணியும்.

அவர்களுக்கு வாயால் சொன்னதை இப்போது எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் புழு எண்ணுவதில் இன்றைக்கு என்னிடம் பிழை பிடிக்க இந்த மாவட்டத்தில் யாராலும் ஏலாது. அதைத் துணிந்து சொல்வேன். ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு, கலியாணம் முடித்து இங்கே வந்ததால் இந்த வருடம் விலகினேன். இருபத்தேழு வயதில் ஓய்வு பெற்றவள் என்று என் புருஷன் பகிடி பண்ணுவார்.

முதல் நாலு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அக்காவும் நானும் விவசாய இலாகாக் கந்தோரின் நாற்றுமேடையில் களை பிடுங்கினோம், மிளகாய்க் கன்று நட்டோம், வெயிலில் கறுத்தோம். ஐந்தாம் வருடம் குலசேகரம் ஐயா அங்கே விவசாய உத்தியோகத்தராக மாற்றலாகி வந்தார். அவரோடுதான் வைக்கோல் பரீட்சையும் வந்தது.

எங்கள் பக்கத்தில் சூடு மிதித்து நெல்லை எடுத்த பிறகு வைக்கோலைக் கொளுத்திவிடுவார்கள். மாட்டுக்குக் கொஞ்சம் போக மிச்சம் எல்லாம் நெருப்புக்குத்தான். அப்படிக் கொளுத்தாமல் வயலிலேயே பரப்பி மண்ணோடு புரட்டினால் என்ன நடக்கும் என்று பார்ப்பதுதான் பரீட்சை. தோப்பூர் ஹனீபா காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கிளிவெட்டியில் தனக்கு இருந்த மேட்டு வயலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அதைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்தோம். நாலு துண்டில் வைக்கோலைக் கொளுத்துவது, நாலு துண்டில் அள்ளி வெளியே போடுவது, நாலு துண்டில் பரப்பிப் புரட்டுவது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஒரு தரம், மாசியில் அறுவடை முடிந்து ஈரம் காயுமுன் ஒரு தரம், துண்டுக்கு மூன்று குழி வெட்டி மண்புழு எண்ண வேண்டும்.

காக்காவுக்கு அது பெரிய சிரிப்பு. "என்ன புள்ள, கவுண்மெந்து சம்பளம் தந்து புழு எண்ண விடுதாமே. எனக்கு ஊட்டுல கோழி இருக்கு, அது சும்மாவே எண்ணித் தின்னும்" என்பார்.

எண்ணும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு அடிக்கு ஒரு அடி மரச்சட்டம் ஒன்று உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டும். விழுந்த இடம்தான் இடம், நல்ல இடமாகப் பார்த்து வைக்கக்கூடாது. சட்டத்துக்குள் இருக்கும் மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி வெள்ளைச் சீலையில் கொட்டுவேன். அக்கா சாக்கில் குந்தியிருந்து ஒவ்வொரு கட்டியையும் விரலால் உடைப்பாள். புழுவைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, எண்ணி, நிறுத்து, மறுபடி அந்தக் குழியிலேயே விட்டு மூடுவோம். மண்வெட்டி பட்டு அறுந்த புழு என்றால் தலைத் துண்டை மட்டும் எண்ண வேண்டும். "எடி, தலையைப் பார். வாலுக்குச் சம்பளம் இல்லை" என்பாள் அக்கா.

குலசேகரம் ஐயா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கூலிக்கு வந்த எங்களையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரம்பில் நடப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்: "கிட்டத்தட்ட எண்ட சொல்லை வீட்டில வச்சிட்டு வாங்கோ, பிள்ளையள்." அக்கா "பதினேழு" என்று கூப்பிட்டால் "பதினேழு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். அக்கா ஒரு மூச்சு தயங்கினாலும் மறுபடி எண்ண வேண்டும்.

ஆனால் அவர் எங்களைப் பார்த்து நிற்பதில்லை. சேற்றில் குந்தியிருக்கும்போது நாங்கள் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்போம். அந்த நேரம் பார்ப்பது மரியாதை இல்லை என்று அவர் வரம்பில் முதுகு காட்டி நின்று, சொன்ன எண்ணைக் கொப்பியில் எழுதுவார். நல்ல மனிதர். அந்த நல்ல குணம்தான் பிறகு எங்கள் எல்லாரையும் விழுத்தியது.

இன்னும் இரண்டு சோதனை இருந்தன. புழு கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவைதான் முதலில் வைக்கோலை மெத்தென்று ஊறவைத்துக் கொடுக்கின்றன, பிறகுதான் புழு தின்கிறது என்று ஐயா சொல்லித் தந்தார். அவற்றை எண்ண முடியாது, செய்த வேலையைத்தான் பார்க்கலாம். அதற்கு வெள்ளைப் பருத்தித் துணியை ஒரே அளவு கீலமாகக் கிழித்து எல்லாத் துண்டிலும் புதைப்போம். ஒரு மாதத்தால் எடுத்து அலசிக் காயவைத்து, அதில் வாளியைத் தொங்கவிட்டு, துணி அறும் வரைக்கும் கோப்பை கோப்பையாகத் தண்ணீர் ஊற்றுவோம். கெதியில் அறுந்தால் மண்ணில் உயிர் நிறைய. மற்றது, ஜாம் போத்தலில் மண்ணைப் போட்டு, அதற்குள் சிறு கிண்ணத்தில் சோடாக் காரம் வைத்து இறுக மூடுவது. மண் விடும் மூச்சைக் காரம் குடிக்கும். மறுநாள் ஐயா அதில் ரோஸ் நிற மருந்தை விட்டு, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார். ரோஸ் எத்தனை சொட்டில் மறைகிறது என்பதுதான் கணக்கு. வைக்கோல் புரட்டிய துண்டின் போத்தலில் சட்டென்று மறைந்துவிடும். "மண் மூச்சு விடுது பாத்தீங்களோ" என்று குழந்தை மாதிரிச் சந்தோஷப்படுவார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அக்காவும் நானும் நூற்றுக்கு மேற்பட்ட குழி பார்த்தோம். வைக்கோல் புரட்டிய துண்டுகளில் கோப்பை நிறையப் புழு. கொளுத்திய துண்டுகளில் பெரும்பாலும் சைபர். ஐயா அதைத் தோப்பூரில் வயற்காரரைக் கூட்டிச் சொன்னார். "நெருப்பு வச்ச நிலத்தில ஒரு புழு மிஞ்சேல்லை." அதைக் கேட்டு காக்கா தன் சொந்த வயலிலும் பாதிக்குக் கொளுத்துவதை நிறுத்தினார்.

அதே வருடம் ஆவணியில் அக்கா செத்துப்போனாள். மலேரியாக் காய்ச்சல். மூதூரில் லாஞ்ச் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனோம். குடாக்கடல் நடுவில் என் மடியில் கிடந்து, "கரை தெரியுதோடி" என்று கேட்டாள். தெரியுது என்றேன். தெரியவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவளுடைய உடுப்பை மட்டும் கையில் தந்தார்கள். இதைப் பற்றி இவ்வளவுதான் எழுத ஏலும்.

ஐப்பசி எண்ணிக்கைக்கு நான் அக்காவின் சாக்கில் குந்தினேன். மண் வெட்டுவதற்குக் காக்கா தானே வந்தார். அக்கா கட்டி உடைப்பது போலவே உடைத்தேன். அவள் சீலையை உதறுவது போலவே உதறினேன். ஒன்றையும் மாற்றவில்லை. மாற்றினால் அவள் இன்னும் கொஞ்சம் இல்லாமல் போவாள் போல் இருந்தது.

அந்த எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், பருத்த உடம்பு, தொப்பி. கொப்பியை வாங்கிப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன காணும் இது? கொளுத்தின துண்டில பன்னிரண்டு குழி. ஒன்பது சைபர். இது வயலோ, சிமெந்து நிலமோ?"

"எண்ணினது அப்படித்தான் ஐயா" என்றார் குலசேகரம் ஐயா.

"வைக்கோல் கொளுத்திறது உமக்குப் பிடிக்கேல்லை எண்டதுக்காகப் புழு செத்துப்போகாது. எனக்கு முன்னால வெட்டட்டும், பாப்பம்."

கொளுத்திய துண்டில் காக்கா வெட்டினார். நான் உடைத்தேன். குலசேகரம் ஐயா வழக்கம் போல் வரம்பில் முதுகு காட்டி நின்றார். பெரியவருக்கு அந்த மரியாதை எல்லாம் இல்லை. காற்சட்டையை இழுத்துவிட்டு எனக்குப் பக்கத்திலேயே குந்தினார். நாலாவது கட்டியில் மெல்லிய புழு ஒன்று வந்தது. அதை எடுத்துக் குழிக்குள் விட்டு ஒரு பிடி மண்ணால் மூடினேன். மிச்ச மண்ணை எல்லாம் உடைத்துப் பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

"சைபர் ஐயா" என்று கூப்பிட்டேன்.

"சைபர்?" என்றார் வரம்பில் நின்றவர்.

"சைபர்" என்றேன், தயங்காமல்.

"பொறும் பிள்ளை" என்றார் பெரியவர். "இப்ப குழிக்குள்ள விட்டீரே, அது என்ன?"

"புழு ஐயா."

"அப்ப ஏன் சைபர்?"

"அது பிள்ளையாருக்கு விட்டது."

காக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். பிறகு குலசேகரம் ஐயாவைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். ஐயா திரும்பியிருந்தார். எத்தனையோ நாள் நாங்கள் குந்தியிருந்த நேரத்தில் அவர் திரும்பியது அதுதான் முதல் தரம். நான் அவசரமாகப் பாவாடையை இழுத்துவிட்டேன்.

வெளியூர் ஆட்களுக்கு இதை விளங்கச் சொல்ல வேண்டும். எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்கால் பிள்ளையாருக்கு. அதைத் தனியே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அளப்பதைத்தான் எண்ணுவார்கள். மண்ணிலிருந்து எடுப்பது எதுவானாலும் அப்படித்தான் என்று பிறந்ததிலிருந்து பழகிவிட்டோம். அக்கா முதல் குழியிலேயே முதல் புழுவை மண்ணுக்கு விட்டு, "இது அவருக்கு" என்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிழை என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கள்ளம் என்றால் ஒளித்துச் செய்திருப்போமே.

வைக்கோல் புரட்டிய துண்டில் இருபதுக்கு ஒன்று குறைந்தால் ஒன்றும் ஆகாது. கொளுத்திய துண்டில் இருந்ததே ஒன்று. அதைப் பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டுச் சைபர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சைபரைத்தான் ஐயா தோப்பூரில் எழும்பி நின்று சொன்னார்.

பெரியவர் எழும்பினார். "குலசேகரம், இது உம்மட ஏற்பாடோ? சைபர் வேணும் எண்டு நீர் சொல்லிக் குடுத்தனீரோ?"

"இல்லை. எனக்குத் தெரியாது. ஆனா பொறுப்பு என்னுடையது."

"தெரியாட்டிக் கவலையீனம். தெரிஞ்சாக் கள்ளம். ரெண்டில எதை எழுதட்டும்?"

எதை எழுதினாலும் பரீட்சை அன்றோடு மூடப்படும், ஐயாவின் உத்தியோகமும் போகும். எனக்கு அது விளங்கியது. ஐயா கொப்பியை மூடிக் கக்கத்தில் செருப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். 

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஆர் பிள்ளை உமக்கு இப்படிச் சொல்லித் தந்தது?"

"அக்கா."

"எங்க அவ?"

"செத்துப்போனா. ஆவணியில."

அவர் தொப்பியைக் கழற்றினார். ஆனாலும், "செத்த ஆளில பழி போடுறது லேசு" என்றார்.

அந்தச் சொல்லுக்கு எனக்குக் கோபம் வந்தது. பெரிய உத்தியோகத்தர் என்று பார்க்கவில்லை. "லேசில்லை ஐயா. என்னில போடுறதுதான் லேசு. என்னை நிப்பாட்டினா நான் நாளைக்கு வேற வேலைக்குப் போவன். செத்தவளுக்குப் போன பேரை ஆர் திருப்பிக் குடுக்கிறது? அக்காதான் செய்தவ. நான் பாத்துக்கொண்டிருந்தனான். அக்கா செய்தபடியா இப்ப நானும் செய்தனான். குலசேகரம் ஐயாவுக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் எங்கட பக்கம் திரும்பினவரில்லை."

காக்கா குறுக்கே வந்தார். "சேர், நாங்களும் முதல் மரைக்காலைப் பள்ளிவாசலுக்குத்தான் ஒதுக்குற. அது இந்தப் பக்கத்து வழக்கம். புழுவுக்கும் ஒதுக்குவாங்கண்டு ஆருக்குத் தெரியும்? இந்தப் புள்ள பொய் சொல்லல்ல."

பெரியவர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "துணி எங்க?" என்று கேட்டார்.

துணிக்குப் பிள்ளையார் இல்லை. அதை எண்ணுவதும் இல்லை. அந்த மாதத்துக் கீலங்கள் அலசிக் காய்ந்து கொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு யாரையும் தொடவிடாமல் அவரே வாளியைக் கட்டினார், அவரே தண்ணீர் ஊற்றினார். கொளுத்திய துண்டின் துணி வாளி நிரம்பித் தண்ணீர் வழிந்த பிறகும் தொங்கியது. அடுத்தது வைக்கோல் துண்டின் துணி. வெறும் வாளியைக் கொழுவினவுடனே அறுந்து, வாளி அவருடைய காலில் விழுந்தது. வாளியில் ஒட்டியிருந்த தண்ணீரில் அவருடைய சப்பாத்தும் நனைந்தது.

"சேருக்கு மண்ணே பதில் சொல்லிட்டுது" என்றார் காக்கா.

பெரியவர் சிரிக்கவில்லை. "பன்னிரண்டு துண்டும் திரும்ப வெட்ட வேணும். முப்பத்தாறு குழி. நான் இருந்து பாப்பன்" என்றார்.

இரண்டு நாள் வெட்டினோம். இந்த முறை குலசேகரம் ஐயாவும் சீலைக்கு முன்னால் குந்தினார், கண்ணை மண்ணிலேயே வைத்துக்கொண்டு. முதல் குழியில் முதல் புழு வந்தபோது என் கை தன்பாட்டில் குழிப் பக்கம் போனது. பாதியில் நிறுத்தினேன். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். புழு விரலில் சுருண்டது. கோப்பையில் போட்டு, "ஒண்டு" என்றேன். அந்த ஒன்றைச் சொல்ல எனக்கு இருந்த கஷ்டம் அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து குழியிலும் கஷ்டப்படவில்லை.

கொளுத்திய துண்டுகளில் ஒன்று, இரண்டு, சிலதில் உண்மையாகவே ஒன்றுமில்லை. வைக்கோலை அள்ளிப் போட்ட துண்டுகளில் கொஞ்சம் கூட. புரட்டிய துண்டுகளில் கோப்பைக்கு மேல் கோப்பை. இரண்டாம் நாள் பின்னேரம் பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"புழு செத்துப்போகேல்லை, காணும். ஊரை விட்டுப் போயிட்டுது. அப்படி எழுதும். ஒண்டும் மிஞ்சேல்லை எண்டு எழுதாதையும். மிஞ்சின அந்த ஒண்டையும் எழுதும்" என்றார். ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி, "முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டா ஆராய்ச்சி நடக்காது, குலசேகரம்" என்றார்.

"ஓம் ஐயா" என்றார் இவர்.

பரீட்சை தப்பியது. ஐயா மறுபடி தோப்பூருக்குப் போய், அதே வயற்காரருக்கு முன்னால், தான் முதலில் சொன்னது பிழை என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். காக்கா சிரிக்கவில்லை, மற்றப் பாதி வயலையும் கொளுத்தாமல் விட்டார்.

ஆனால் அக்காவின் இரண்டு வருடம் தப்பவில்லை. புரட்டிய துண்டுகளின் எண்ணுக்கு ஒன்று கூட்டினால் சரி. கொளுத்திய துண்டுகளின் சைபரை என்ன செய்வது? ஒரு புழு வந்து பிள்ளையாருக்குப் போன சைபரா, ஒன்றுமே வராத சைபரா என்று இனி யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் இல்லை. ஐயா கொட்டிலில் குந்தியிருந்து, கொப்பியில் அந்தச் சைபர்களைச் சிவப்புப் பென்சிலால் வரி வரியாக வெட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் ஒரு கூடை மண்ணை விரலால் உடைத்திருந்தாள்.

வெட்டி முடித்து, அறிக்கையில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். "வேலையாட்களின் எண்ணும் வழக்கத்தால் ஏற்பட்ட பிழை. மேற்பார்வை செய்தவர் கவனிக்கத் தவறினார்."

"அக்காவின்ர பேரைப் போடுங்கோ ஐயா" என்றேன்.

"பிழைக்கு ஆரின்ர பேரும் போடுறேல்லை, பிள்ளை. அது அவவுக்கும் நல்லது."

"அப்ப சரியா எண்ணினதுக்கு?"

"அதுக்கும் கூலியாக்களின்ர பேர் போடுற வழக்கமில்லை."

"அப்ப அவ இந்த வயலில இருந்ததே இல்லையோ?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, என் பெயரையும் அக்காவின் பெயரையும் என்னிடமே எழுத்துக் கேட்டு எழுதினார். அடுத்த வருடம் அது அச்சில் வந்தது.

அம்மா என்னோடு பத்து நாள் கதைக்கவில்லை. "செத்துப்போன பிள்ளையின்ர பேரைப் பிழையோட சேத்து அச்சில போட்டிட்டியேடி. உனக்கு நெஞ்சில ஈரம் இல்லையோ?" என்று அழுதாள். சொந்தக்காரரும் அப்படித்தான் சொன்னார்கள், நான் என் தலையில் போட்டிருக்கலாம் என்றார்கள். அக்காவை நினைத்து நான் அழாத நாள் குறைவு. இந்த விஷயத்துக்காக ஒரு நாளும் அழவில்லை.

அச்சில் வந்த அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. வந்த பிள்ளைகளுக்கும் காட்டினேன். மண்ணை உடைத்துப் புழுக்களை எண்ணியவர்கள் தவமணியும் தங்கையும், முதற் புழுவை எண்ணாமல் விட்டவர்களும் அவர்களே என்று ஒரே வரியில் இருக்கிறது. இரண்டும் உண்மை. யார் வந்து கேட்டாலும் அந்த வரியில் ஒரு சொல்லையும் நான் வெட்ட விடமாட்டேன்.